டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

“யாரு இதுக்குப் பொட்டு வச்சது?”

விஜயதசமி காலை. மறுபூசை முடிந்து, தேங்காய் உடைத்த தண்ணீர் இன்னும் தரையில் காயவில்லை. சாமி மேடையில் வைத்திருந்த சாமான்களை அவரவர் திரும்ப எடுத்துக்கொள்கிற நேரம். என் மனைவி பாக்கியம் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டாள். நான் ஸ்டோர் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மகள் சுமதி மட்டும் சதுரமான கறுப்புத் தகடு ஒன்றைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான்மா வச்சேன். வேற யாரு வைப்பா?”

“மூணுக்குமா?”

“மூணுக்கும்தான். ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இது நடந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சலிப்புத்தான் வருகிறது. சாமி கும்பிட்டதற்காக ஒரு மனிதன் தன் வீட்டிலேயே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டுமா? நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்து டிஸ்கெட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய, மெல்லிய, வளைகிற தகடு. கறுப்பு உறைக்குள்ளே வட்டமாக ஒரு ஃபிலிம் இருக்கும். உறையில் ஓர் இடத்தில் மட்டும் நீளவாக்கில் ஓட்டை விட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் அந்த ஓட்டை வழியாகத்தான் ஃபிலிமைத் தொட்டுப் படிக்குமாம். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மற்ற இடமெல்லாம் கறுப்பாகக் கிடந்தது. அந்த ஓட்டைக்குள் மட்டும் பழுப்பாக, பளபளவென்று முகம்போல இருந்தது. முகத்தில்தானே பொட்டு வைப்போம்?

நன்றாகக் குழைத்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம். மூன்று டிஸ்கெட்டுக்கும்.

வெளியே நாகம், உள்ளே குச்சி

இந்த வீடியோ கேம் சனியன் எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

சுமதிக்கு ஏழு, எட்டு வயது இருக்கும். கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் அலமாரி உயரத்தில் விளையாட்டுப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் சினிமா பேனர் மாதிரி பெரிய படம். மின்னல் வெட்டுகிறது, நாகம் சீறுகிறது, ஒருவன் வாளோடு பாய்கிறான். அதைப் பார்த்துவிட்டு இவள் என் கையை விடவே இல்லை.

சரி என்று ஒரு காசைப் போட்டுப் பார்த்தால், கறுப்புத் திரையில் வெள்ளைக் குச்சி நாலைந்து. அவ்வளவுதான்.

“நாகம் எங்க?” என்று கேட்டேன்.

கடைக்காரச் சீனர், வயதானவர், மலாயில் சொன்னார்: “அதெல்லாம் மனசுல நெனச்சுக்கணும் லா, அண்ணே.”

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. கடைக்கு வெளியே பிரியாணிப் படம் போட்டுவிட்டு உள்ளே வெறும் சோற்றை வைத்து, பிரியாணி என்று நினைத்துக்கொள் என்றால் ஒத்துக்கொள்வோமா?

ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் இவள் சொன்னது வேறு. “அப்பா, அந்தக் குச்சி நடக்கும்போது முட்டி மடங்குச்சு. பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. குச்சிக்கு ஏது முட்டி?

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தினுசு வந்தது. குச்சி போய்க் கட்டை வந்தது. கட்டை போய், உடம்பில் பாதி தலையாக இருக்கிற குள்ளர்கள் வந்தார்கள். “இது என்னம்மா, மனுஷப் பிறவிதானா?” என்று கேட்டால் சுமதி பொறுமையாகப் பாடம் எடுப்பாள். “கட்டம் கொஞ்சம்தான்பா இருக்கு. தலைய சின்னதா போட்டா கண்ணு, மூக்கு எதுவும் தெரியாது. அதான் தலைய பெருசா போட்டு ஒடம்ப சின்னதாக்கிடுறாங்க.”

நான் ஆறாம் வகுப்பு வரை ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். சுங்கை வேயில் ஒரு மின்சாரச் சாமான் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. எனக்கு எதற்கு இந்தப் பாடமெல்லாம்?

பூதக்கண்ணாடியில் முருகன்

என்னைக் கேட்டால், படம் என்றால் அது காலண்டர் படம்தான். எங்கள் வீட்டு முன் அறையில் முருகப் பெருமான் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கும். வருடம் முடிந்தாலும் நான் அதைக் கழற்றுவதில்லை. தேதித் தாளை மட்டும் கிழித்துவிட்டுப் படத்தை வைத்துக்கொள்வேன். கன்னத்தில் என்ன ஒரு மினுமினுப்பு! மயிலின் கழுத்தில் என்ன ஒரு நீலம்!

கணக்கு நோட்டுக் கட்டத்தில் கலர் பென்சிலால் ஆள் வரைந்துகொண்டிருந்தவளிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். “படம்னா இப்படி இருக்கணும். நீ போடுறது எல்லாம் புள்ளி. அம்மை போட்ட மாதிரி இருக்கு.”

சுமதி எழுந்து உள்ளே போனாள். பாக்கியம் ஊசியில் நூல் கோர்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, முருகன் கன்னத்துக்கு நேராகப் பிடித்து, “பாருங்கப்பா” என்றாள்.

பார்த்தேன். கன்னத்தைக் காணோம். சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, நீலப் புள்ளி, நடுநடுவே வெள்ளை. கண்ணாடியை எடுத்தால் முருகன். வைத்தால் புள்ளி.

“சாமியப் போயி பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குறதா? எடு மொதல்ல!” என்று கத்தினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்று மாலை கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் மனது ஆறியது.

பாக்கியத்துக்குச் சிரிப்பு. “என்னங்க, முருகனே புள்ளியாத்தான் இருக்காரு. நம்ம பொண்ணு வரைஞ்சா மட்டும் குத்தமா?”

இரண்டு பேரும் ஒரு கட்சி. நான் தனிக் கட்சி.

நாய் துரத்தும் தபால்காரர்

சுமதி ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தாள். பந்திங்கில் ஆசிரியராக இருந்த என் மச்சான் நடேசன், பாக்கியத்தின் தம்பி, தன் பழைய கம்ப்யூட்டரை லோரியில் ஏற்றி அனுப்பினார். கூடவே இரண்டு குலை இளநீர். இளநீர் இரண்டு நாளில் தீர்ந்தது. கம்ப்யூட்டர் தீரவில்லை. அதற்குள் படம் வரைகிற வசதி இருந்தது. இவள் அதன் முன்னாலேயே தவம் கிடந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவரிசையின் மாடியில், வோங் என்ற சீன இளைஞர் வீடியோ கேம் தயாரிக்கப் போவதாக ஆபீஸ் திறந்திருந்தார். மச்சான் மூலமாகத்தான் தகவல் வந்தது. அவர் சுமதிக்கு ஒரு சோதனை வைத்தார். தபால்காரர் ஒருவர் நடக்க வேண்டும், ஓட வேண்டும். பின்னால் ஒரு நாய் துரத்த வேண்டும். படம் அவருக்குப் பிடித்திருந்தால் வேலை. விஜயதசமிக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கொண்டுவர வேண்டும்.

“நாய் தொரத்துறது ஒரு விளையாட்டா? சின்ன வயசுல கம்பத்து ரோட்டுல எங்களை எத்தனை நாய் தொரத்தியிருக்கு, யாரு விளையாடுனா?” என்று கேட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசரிடம் ஒருமுறைக்குப் பத்து முறை சொல்லி, இவளுக்கு அங்கே ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். குளிர்சாதன அறை, கம்பெனி பஸ், போனஸ். “அடுத்த திங்கக்கிழமை வரச் சொல்லுங்க” என்று சொல்லியிருந்தார். சுமதி சொல்லிவிட்டாள்: “வோங் வேணாம்னு சொன்னா ஃபேக்டரிக்கு வரேன்பா. சொல்லலைன்னா வரமாட்டேன்.”

ஆக, அவள் வாழ்க்கை அந்த மூன்று டிஸ்கெட்டில் இருந்தது. ஒன்றில் வேலை. மற்ற இரண்டில், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்த நகல்.

நான்தான் பாரபட்சம் பார்க்காதவன் ஆயிற்றே.

மச்சானின் போன்

தரையில் உட்கார்ந்தவள் எழுந்து போய் மாமாவுக்குப் போன் போட்டாள். பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

“என்ன மச்சான்,” என்றார் நடேசன், “டிஸ்கெட்டுக்குமா?”

“ஆயுத பூசைல வச்சா ஆயுதம்தானே? உன் மோட்டார் சைக்கிளுக்கு நீ வைக்கலயா?”

“மோட்டார் சைக்கிளுக்கு டயர்ல வப்பேன், முன்னால வப்பேன். பெட்ரோல் டாங்கிக்குள்ள கரைச்சு ஊத்த மாட்டேன் லா.”

“தொடைச்சுட்டா போச்சு!”

“தொடைக்காதீங்க. கீறிடும். அப்படியே உள்ள போட்டீங்கன்னா மெஷினும் போயிடும். அது போனது போனதுதான் மச்சான். விட்டுடுங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணும்னே செஞ்சீங்க.”

“என்னம்மா சொல்ற?”

“ஃபேக்டரிக்குப் போகணும்னு வேணும்னே செஞ்சீங்க.”

“சுமதி!” என்று பாக்கியம் அதட்டினாள். அவள் கேட்கவில்லை. “பெட்டி மேல வச்சிருக்கலாம். கீபோர்ட் மேல வச்சிருக்கலாம். எல்லாத்தையும் விட்டுட்டு, அழிஞ்சுபோற எடமா பாத்து, அதுவும் மூணுலயும் ஒரே எடத்துல!”

விபூதி பூசிய நெற்றியோடு நிற்கிறேன். பெற்ற பெண் என்னைச் சதிகாரன் என்கிறாள்.

கோபத்தை விட இன்னொன்று என்னை உறுத்தியது. இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. முதல்நாள் பூசையில் கற்பூரம் காட்டும்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? ‘முருகா, இந்தப் புள்ளி வேலை இவளுக்கு வேண்டாம். ஒழுங்காகத் தொழிற்சாலைக்கு வரட்டும்.’ மனதார அப்படித்தான் வேண்டினேன்.

வேண்டியது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என் கையை வைத்தேவா காரியத்தை முடிப்பது? மேடையைப் பார்த்து மனதுக்குள் கேட்டேன். அவர் வழக்கம்போல மயிலோடு நின்றுகொண்டிருந்தார்.

வெறும் ஒன்பது, கறுப்பு மூன்று

பாக்கியம்தான் மேடையிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட நோட்டு. சரஸ்வதி பூசைக்காகப் புத்தகங்களோடு இருந்தது. அட்டையில் என் பொட்டு.

“இதுலதான மொதல்ல வரைஞ்ச? இதப் பாத்து மறுபடி போட முடியாதா?”

சுமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் முப்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு கட்டம். கட்டத்துக்குக் கட்டம் கலர் பென்சில். தபால்காரர் நாலு பக்கம், நாய் இரண்டு பக்கம். வரைகிற புரோகிராம் இருந்த டிஸ்கெட் கம்ப்யூட்டரின் வாய்க்குள்ளேயே கிடந்ததால் என் கையிலிருந்து தப்பியிருந்தது. பிரிக்காத புது டிஸ்கெட் ஒன்றும் பெட்டியில் இருந்தது.

“நோட்டப் பாத்து, திரையப் பாத்து, தனியா போட்டா முடியாதும்மா. எண்ணிக்கை தப்பிடும். யாராவது படிக்கணும்.”

பாக்கியத்துக்கு அவ்வளவு பொடிக் கட்டம் கண்ணுக்குத் தெரியாது. பாக்கி இருப்பது நான்.

அன்று லீவுதான் போட்டிருந்தேன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஸ்டோரில் இருபது வருடம் சாமான் பட்டியல் படித்துப் பழக்கப்பட்ட குரல். ஆரம்பித்தேன்.

“வெறும் ஒன்பது. கறுப்பு மூணு. நீலம் ரெண்டு. வெறும் பதினெட்டு.”

“அடுத்தது.”

அந்த ஒரு வார்த்தைதான். அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. தொப்பி முடிவதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது. பாக்கியம் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் முதலில் அடியிலிருந்து மேலே போவதா, மேலிருந்து கீழே வருவதா என்பதிலேயே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது.

முகம் வந்தது. அங்கேதான் என் பொறுமை போனது. “பிரவுன் ஒண்ணு. கறுப்பு ஒண்ணு. பிரவுன் ஒண்ணு. கறுப்பு ஒண்ணு. ஏம்மா, இது என்ன சதுரங்கப் பலகையா? எல்லாத்துக்கும் ஒரே பிரவுன் அடிச்சுட்டுப் போயேன்!”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “மொத்தம் பதினாறு கலர்தான் இருக்கு. தோலுக்குன்னு வச்சிருக்கறது ரோஸ் கலரு. பிரவுன் மட்டும் போட்டா செங்கல்லு மாதிரி தெரியும். ஒண்ணு விட்டு ஒண்ணு கறுப்பு வச்சாத்தான் தூரத்துல இருந்து பாக்க நம்ம ஆளு மாதிரி இருக்கும்.”

“தபால்காரர் நம்ம ஆளா? வோங் அப்படிச் சொன்னாரா?”

“அவரு ஒண்ணும் சொல்லல. நான்தான் போட்டேன்.”

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தேன். தாடைப் பக்கம் இரண்டு வரிசை அவள் முன்கூட்டியே போட்டுப் பார்த்திருந்தாள். கிட்டத்தில் செங்கல்லும் கரியுமாக இருந்தது, கதவுப் பக்கம் போய்ப் பார்த்தால் நம் வீட்டு நிறம். அங்கிருந்தே என் கையை நீட்டித் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பதினாறு நிறம் வைத்தவன் நம்மை விட்டுவிட்டான். இவள் இல்லாத நிறத்தை இருக்கிற இரண்டை வைத்து உண்டாக்கியிருக்கிறாள். நான் அதற்குத்தான் அம்மை என்று பெயர் வைத்தேன்.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். பாதியில் விட்ட வரிசையையே முதலிலிருந்து எடுத்தேன். அதுதான் நெற்றி. தொப்பிக்கும் புருவத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டம் உயரம்தான் அந்த மனிதனுக்கு நெற்றி.

“வெறும் பத்து. பிரவுன் ஒண்ணு. கறுப்பு ஒண்ணு. பிரவுன் ஒண்ணு. மஞ்சள் ஒண்ணு.”

அவள் கை நின்றது. “மஞ்சளா?”

“ஆமா.”

“அங்க ஏது மஞ்சள்? நான் போடலையே.”

“இருக்கு. போடு.”

திரும்பி, என் மடியிலிருந்து நோட்டை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

“இவருக்குமாப்பா வைக்கணும் ஒங்களுக்கு?”

“பின்ன? நாய் தொரத்துது. வெறும் நெத்தியோடவா அனுப்புறது?”

அவள் சிரித்தாளா, அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. பாக்கியம் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அந்த டிஸ்கெட்டுக்கும் இப்படித்தான் வச்சீங்களா?” என்று கேட்டாள் சுமதி.

“வேற எப்படிம்மா வப்பேன்?”

நோட்டை என் மடியில் திரும்ப வைத்துவிட்டு, “காலைல சொன்னத விட்டுடுங்கப்பா,” என்றாள்.

அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு மனது கேட்கவில்லை. “நீ ஃபேக்டரிக்கு வரணும்னு வேண்டிக்கிட்டது நெசம்மா. அத மறைக்க மாட்டேன். ஆனா பொட்டு வச்சது அதுக்கில்ல.”

அவள் அந்த மஞ்சள் கட்டத்தைப் போட்டாள். சின்னதாக ஒரு சத்தம்.

“தெரியும்பா. அடுத்தது படிங்க.”

பாக்கி மூன்று பக்கத்திலும் இடுப்புக்கு மேலே உடம்பு ஒன்றுதானாம், கால் மட்டும்தான் மாறுமாம். அதனால் நாலு பேரும் நெற்றியில் சந்தனத்தோடு பிறந்தார்கள். நாயின் இரண்டு பக்கமும் முடிந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் ஒரு விசையைத் தட்டினாள். தபால்காரர் நடந்தார்.

முட்டி மடங்கியது. இந்தத் தடவை நான் பார்த்தேன்.

மாடிப்படி

மறுநாள் நானும் பஸ்ஸில் கூடப் போனேன். டிஸ்கெட்டை என்னைத் தொட விடவில்லை. பாக்கியத்தின் பழைய சேலைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வோங் நல்ல பிள்ளை. “உட்காருங்க, அங்கிள்” என்று எனக்கும் நாற்காலி போட்டார். படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பிறகு விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய், இந்த மஞ்சள் புள்ளி தவறி விழுந்ததா, எடுத்துவிடலாமா என்று இங்கிலீஷில் கேட்டார்.

இதற்கும் நான்தான் காரணமாகப் போகிறேனா?

சுமதி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தவறி விழுந்தது இல்லை, பாஸ். அவர் சாமி கும்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பியவர். எடுக்கக் கூடாது,” என்றாள்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

சூப்பர்வைசரிடம் அன்று நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்த வருட ஆயுத பூசைக்கு முதல்நாள், சுமதி தன் டிஸ்கெட் அத்தனையையும் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டு, “கம்ப்யூட்டர் மேல மட்டும் வைங்கப்பா. மூடி மேல. ஒரே ஒரு எடத்துல,” என்று சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் வேறு போட்டுக் காட்டினாள். சொந்த வீட்டில் எனக்கு இந்த மரியாதை.

வட்டத்துக்குள்தான் வைத்தேன். ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் போனேன். உள்ளே எத்தனை டிஸ்கெட் இருந்ததோ எனக்குத் தெரியாது. அதனால் கதவில் பெரிதாகவே ஒன்று வைத்தேன்.